எமியும் ஜேசனும்

எமி ஜான்சன் 1903-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய ஊரின் பெயர் ஹல். அது ஒரு பெரிய துறைமுக ஊர். ஊர் முழுக்க மீன் வியாபாரம்தான். எமியின் அப்பாவும் மீன் வியாபாரி. வீட்டில் எமிதான் மூத்த பெண்.

சின்ன வயதில் எமிக்கு விளையாட்டு என்றால் உயிர். பையன்களோடு சேர்ந்து கிரிக்கெட் ஆடுவார். ஒரு நாள் பந்து நேராக வந்து வாயில் பட்டது. முன்பல் உடைந்து போச்சு! மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அதற்கு அப்புறம் எமி யாரோடும் அதிகம் பேசாமல் ஒதுங்கியே இருந்தார்.

பள்ளி முடிந்ததும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். அந்தக் காலத்தில் பெண்கள் பட்டம் வாங்குவது அபூர்வம். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு கிடைத்தது என்ன வேலை தெரியுமா? தட்டச்சு வேலை! லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடிதங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும். எமிக்கு அந்த வேலை சலித்துப் போனது.

லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்டாக் லேன் என்று ஒரு விமானத் திடல் இருந்தது. அங்கே ஒரு விமானச் சங்கமும் இருந்தது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். 1928-இல் எமி அங்கே போய்ச் சேர்ந்தார்.

முதல் பாடமே சரியாக வரவில்லை. அந்த விமானத்துக்குக் கூரை கிடையாது. முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால், ஆசிரியர் பேசுவது ஒரு குழாய் வழியாகத் தலைக்கவசத்துக்குள் வரும். எமிக்குக் கொடுத்த தலைக்கவசம் ரொம்பப் பெரிசு. காதில் நிற்கவே இல்லை. ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் எமி திண்டாடினார். கீழே இறங்கியதும், உனக்கு இது வராது என்று அவர் சொல்லிவிட்டார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீங்க? எமி அடுத்த பாடத்துக்கும் போனார். அதற்கு அடுத்த பாடத்துக்கும் போனார்.

பொதுவாக ஒருவர் எட்டு, பத்து மணி நேரம் பயிற்சி எடுத்தால் தனியாகப் பறந்துவிடுவார். எமிக்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் ஆனது. முக்கியமாக, விமானத்தைத் தரையிறக்குவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் 1929 ஜூன் மாதம் தனியாகப் பறந்தார். அடுத்த மாதமே விமானம் ஓட்டும் உரிமம் கிடைத்தது.

அதோடு எமி நிறுத்தவில்லை. விமானத்தை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால் யார் சரிசெய்வார்கள்? அதனால் தினமும் காலையில் அலுவலகம் போவதற்கு முன்பே விமானக் கொட்டகைக்குப் போய்விடுவார். ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்பவர் அங்கே தலைமை மெக்கானிக். அவரிடம் வேலை கற்றுக்கொண்டார். எஞ்சினைப் பிரிப்பார், துடைப்பார், மறுபடி பூட்டுவார். கை எல்லாம் கரி, எண்ணெய். முதலில் அங்கே இருந்த ஆண்கள், ஒரு பெண் இங்கே எதுக்கு என்று நினைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களே எமிக்கு ஜானி என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். 1929 டிசம்பரில் எமி தரைப் பொறியாளர் உரிமமும் வாங்கினார். பிரிட்டனில் அந்த உரிமம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் திடலைச் சுற்றிச் சுற்றிப் பறப்பார்கள். அது பழகியதும் ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறந்து பார்ப்பார்கள். அது வேற மாதிரி வேலை! மேலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கும். கீழே ரயில் பாதை தெரிகிறதா, ஆறு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். மடியில் வரைபடம் இருக்கும். எதிரே திசைகாட்டி இருக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளினால் வழி தவறிப் போகும். இப்படி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூரமாகப் போய்த்தான் ஒரு விமானிக்குத் தைரியம் வரும்.

எமி அதுவரை பறந்ததிலேயே அதிக தூரம் எது? லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரை. சுமார் 237 கிலோமீட்டர். அவ்வளவுதான்! மொத்தமாக அவர் வானத்தில் இருந்த நேரம் நூறு மணி நேரம்கூட இல்லை.

அப்படிப்பட்ட எமி, அடுத்து எங்கே போகலாம் என்று முடிவு செய்தார் தெரியுமா? ஆஸ்திரேலியாவுக்கு! சுமார் 18,000 கிலோமீட்டர். அதுவும் தன்னந்தனியாக. 1928-இல் பெர்ட் ஹிங்க்லர் என்ற விமானி லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பதினைந்தரை நாளில் தனியாகப் பறந்திருந்தார். அவரை முந்த வேண்டும் என்பது எமியின் ஆசை.

கேட்டவர்கள் எல்லாம் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எமி பலரிடம் பண உதவி கேட்டார். பெரும்பாலானவர்கள் முடியாது என்றார்கள். கடைசியில் எமியின் அப்பா பாதிப் பணம் தந்தார். வேக்ஃபீல்டு பிரபு என்ற எண்ணெய் வியாபாரி மீதிப் பணம் தந்தார். 600 பவுண்டுக்கு ஒரு பழைய விமானம் வாங்கினார்கள். ஜிப்ஸி மாத் என்ற வகையைச் சேர்ந்த சின்ன விமானம் அது. மரச் சட்டம், அதன் மேல் துணி, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. அதற்குப் பச்சை வண்ணம் பூசி, வெள்ளி நிறத்தில் பெயர் எழுதினார்கள். பெயர் ஜேசன். அப்பாவின் மீன் வியாபாரத்துக்கும் அந்தப் பெயர்தான் அடையாளம்.

எமி வரைபடத்தை விரித்து, லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை ஒட்டி எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று குறித்துக்கொண்டார். 18,000 கிலோமீட்டர் என்றால் பயமாக இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வியன்னா வரைக்கும் போனால் போதும் என்றால்? அது கொஞ்சம் சின்னதாகத் தெரியும், இல்லையா?

1930 மே 5-ஆம் தேதி காலை. லண்டனுக்குப் பக்கத்தில் குரோய்டன் விமான நிலையம். வழியனுப்ப வந்தவர்கள் அப்பாவும் சில நண்பர்களும்தான். விமானத்தில் பெட்ரோல் நிறைய இருந்ததால் கனம் அதிகம். பக்கத்தில் ஒரு புரொபெல்லரையும் கட்டி வைத்திருந்தார் எமி. வழியில் உடைந்தால் மாற்ற வேணுமே! முதல் தடவை ஓடியபோது விமானம் மேலே எழும்பவே இல்லை. திடலின் ஓரம் நெருங்கிவிட்டது. எமி நிறுத்தித் திரும்பி வந்தார். இரண்டாம் தடவை ஜேசன் எழும்பியது.

அன்று எமி வியன்னா போய்ச் சேர்ந்தார். ஒரே நாளில், அதுவரை பறந்த தூரத்தைப் போல ஐந்து மடங்கு! பறக்கும்போதே கையால் பம்ப் அடித்துப் பெட்ரோலை மேல் தொட்டிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வாசனை குமட்டிக்கொண்டு வரும். தரையோடு பேச ரேடியோ கிடையாது. தலைக்கு மேல் கூரையும் கிடையாது. இறங்கியதும் தூங்கப் போகவும் முடியாது. எஞ்சினைப் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் படுக்கை.

இரண்டாம் நாள் கான்ஸ்டான்டிநோபிள். இப்போது அந்த ஊரின் பெயர் இஸ்தான்புல்.

மூன்றாம் நாள் டாரஸ் மலைகள். துருக்கியில் இருக்கிற பெரிய மலைத்தொடர் அது. மலைக்கு மேலே பறக்க முயன்றால் எஞ்சின் திணறியது. அதனால் எமி மலை இடுக்கு வழியாக, கீழே ஓடும் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டே வளைந்து வளைந்து போனார். திடீரென்று மேகம் மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. மேகத்தை விட்டு வெளியே வந்தபோது எதிரே பாறை! சட்டென்று திருப்பித் தப்பித்தார். அன்று மாலை சிரியாவில் அலெப்போ என்ற ஊரில் இறங்கினார்.

நான்காம் நாள் பாலைவனம். பாக்தாத் இன்னும் வரவில்லை. அதற்குள் மணல்புயல் வந்துவிட்டது. ஜேசன் கல் மாதிரி கீழே விழத் தொடங்கியது. எமியின் கண்ணாடி முழுக்க மணல். எப்படியோ சக்கரம் தரையில் பட்டது. விமானம் ஓடி நின்றது. எங்கே நிற்கிறது? அதுவே தெரியாது! காற்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல இருந்தது. எமி கீழே குதித்து, பெட்டிகளை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்தார். எஞ்சினுக்குள் மணல் போகாமல் துணியால் மூடினார். பிறகு வாலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். எங்கேயோ நாய்கள் குரைத்தன. கையில் ஒரு துப்பாக்கி இருந்தது. ஆனாலும் பயம் போகுமா?

புயல் ஓயச் சில மணி நேரம் ஆனது. எமி மணலைத் துடைத்தார், எஞ்சினைக் கிளப்பினார், பாக்தாத் போய்ச் சேர்ந்தார். அங்கே இறங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் கம்பி உடைந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் மெக்கானிக்குகள் புதுக் கம்பி செய்து கொடுத்தார்கள். மறுநாள் பந்தர் அப்பாஸ் என்ற ஊரில் மறுபடி அதே தொல்லை. அங்கேயும் சரிசெய்துகொண்டார்.

ஆறாம் நாள், மே 10, எமி கராச்சியில் இறங்கினார். அப்போது கராச்சி இந்தியாவில் இருந்தது. இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஹிங்க்லரை விட இரண்டு நாள் முன்னால் வந்துவிட்டார்! அதுவரை எமியைக் கண்டுகொள்ளாத பத்திரிகைகள் இப்போது பெரிய பெரிய எழுத்தில் செய்தி போட்டன. யார் இந்தப் பெண் என்று உலகமே கேட்டது.

மறுநாள் அலகாபாத் வரை போக நினைத்தார். எதிர்க்காற்று பலமாக அடித்ததால் பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது. ஜான்சி என்ற ஊரில் படைவீரர்கள் அணிவகுக்கும் திடல் தெரிந்தது. அதில் இறக்கிவிட்டார். விமானம் நிற்காமல் ஓட, வீரர்கள் நாலா பக்கமும் சிதறி ஓட, கடைசியில் ஜேசன் கட்டடங்களுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது. இறக்கையில் அடி. அங்கே இருந்தவர்கள் இரவோடு இரவாகச் சரிசெய்து கொடுத்தார்கள். அடுத்த நாள் எமி கல்கத்தா போய்விட்டார்.

அதுவரை வெயிலும் மணலும். இனிமேல் மழை. கல்கத்தாவிலிருந்து பர்மாவின் ரங்கூனுக்குப் போகும் வழியில் பருவமழை பிடித்துக்கொண்டது. (பர்மாவின் இன்றைய பெயர் மியன்மார்.) ரங்கூனில் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டும். எமிக்கு அது தெரியவில்லை. கொட்டுகிற மழையில் ஒரு விளையாட்டுத் திடல் கண்ணில் பட்டது. அது போதும் என்று இறக்கினார். திடல் சின்னது. ஜேசன் ஓடிப்போய் ஒரு பள்ளத்தில் விழுந்தது.

இறக்கை கிழிந்தது. சக்கரம் போச்சு. புரொபெல்லரும் உடைந்தது. எமி அழுதுவிட்டார் என்று சொல்வார்கள். ஆச்சரியமே இல்லை. ஒரு வாரமாக அவர் சரியாகத் தூங்கவே இல்லையே.

ஆனால் பாருங்க, அந்தத் திடல் இன்செயின் என்ற இடத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். எமிக்கும் வேலை தெரியுமே! இறக்கையின் மரச் சட்டத்தைச் சரிசெய்தாகிவிட்டது. மேலே போர்த்தத் துணி வேணும். விமானத் துணிக்கு அங்கே எங்கே போவது? முதல் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சிய விமானத் துணியை யாரோ விற்றிருந்தார்கள். ஊரில் சிலர் அதை வாங்கிச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்குத் தைத்தார்கள்! இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். புரொபெல்லருக்கு? லண்டனிலிருந்து கட்டிக்கொண்டு வந்தாரே, அது இருந்தது.

வேலை முடிய மே 16 ஆகிவிட்டது. ஹிங்க்லரை முந்தும் வாய்ப்பு கைவிட்டுப் போனது. திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எமி பாங்காக்குக்குப் பறந்தார்.

பிறகு சிங்கப்பூர். பிறகு ஜாவா தீவு. அங்கே மழையில் வழி தெரியாமல் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கினார். தரையில் நட்டிருந்த மூங்கில் குச்சிகள் இறக்கையைக் குத்திக் கிழித்துவிட்டன. அடிபட்ட காலில் நாம் பிளாஸ்திரி ஒட்டுவோமே, அதே பிளாஸ்திரியை வாங்கிக் கிழிசல்களில் ஒட்டினார். சட்டைத் துணியும் பிளாஸ்திரியுமாக ஜேசன் மறுபடி பறந்தது.

தீமோர் தீவில் இறங்க வேண்டிய இடம் தவறிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு கிராமத்தில் இறங்கினார். ஊர் மக்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் பேசுவது எமிக்குப் புரியவில்லை, எமி பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றிரவு சாப்பாடும் தங்க இடமும் கிடைத்தன. அங்கே தந்தி கிடையாது. எமி எங்கே என்று உலகத்துக்குத் தெரியவில்லை. ஹல் நகரத்தில் அப்பா அம்மாவுக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும்!

இனி மிச்சம் தீமோர் கடல். சுமார் 800 கிலோமீட்டர், வழியெல்லாம் தண்ணீர். ரயில் பாதை இல்லை, ஆறு இல்லை. இறங்க ஒரு கரும்புத் தோட்டம்கூட இல்லை. எஞ்சின் நின்றால் கடல்தான். மே 24 காலை எமி கிளம்பினார். திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காகப் பறந்தார். நடுக்கடலில் ஒரு கப்பல் தெரிந்தது. சரியான வழியில்தான் போகிறோம்! எமி தாழப் பறந்து அந்தக் கப்பலுக்குக் கையசைத்தார்.

அன்று பிற்பகல் ஜேசன் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் இறங்கியது. பத்தொன்பதரை நாள் ஆகியிருந்தது. ஹிங்க்லரை முந்தவில்லைதான். ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெயர் எமிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயது.

போகிற ஊரெல்லாம் கூட்டம், மாலை, விருந்து. ஐந்து நாள் கழித்து பிரிஸ்பேன் நகரத்தில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் இறங்கும்போது விமானம் எல்லை தாண்டி ஓடி, தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது! நல்லவேளை, எமிக்குப் பெரிய அடி இல்லை. ஸ்டாக் லேனில் கஷ்டப்பட்ட அதே தரையிறக்கம் மறுபடி காலை வாரிவிட்டது. ஆனால் எமி அதற்குப் பிறகும் விமானம் ஓட்டுவதை விடவில்லை.

சிட்னி நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து எமிக்குக் கொடுத்தார்கள். எமி அதைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல் ஒரு தங்கக் கோப்பை செய்தார். ஹல் நகரத்தில் தைரியமான செயல் செய்யும் பிள்ளைக்கு அது பரிசு.

1931-இல் எமி லண்டனிலிருந்து டோக்கியோவுக்குப் பறந்தார். கூடப் போனவர் யார் தெரியுமா? எஞ்சின் வேலை சொல்லிக்கொடுத்த ஜாக் ஹம்ஃப்ரீஸ்! 1932-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தனியாகப் போனார். அந்த வழியில் வேகமாகப் பறந்தவர் என்ற சாதனை அப்போது அவருடைய கணவர் ஜிம் மோலிசனிடம் இருந்தது. எமி அதை முறியடித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் விமானங்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் எமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ஆம் தேதி, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு விமானத்தைக் கொண்டுபோனார். வானிலை ரொம்ப மோசம். வழி தவறி, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேலே போய்விட்டார். பாராசூட்டில் குதித்துக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தார். பக்கத்தில் வந்த ஒரு போர்க் கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், காப்பாற்றத் தண்ணீரில் குதித்தார். அவரும் பிழைக்கவில்லை. எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய பை மட்டும் கிடைத்தது.

ஜேசன் இன்னும் இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உச்சியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து பாருங்க. பச்சை உடம்பு, வெள்ளி எழுத்து, நீங்க நினைப்பதைவிடச் சின்ன விமானம்.